உப்பில் வைத்த பல்

கல்யாணமாகி மூன்றாவது மாதத்தில் என் மனைவியின் மேல்வரிசை முன்பல் ஒன்று போனது. கீழே விழுந்து, தன் தப்பால் போனது என்று அவள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். விழுந்ததில் கழன்றது என்னவோ உண்மைதான். ஆனால் போனது என்னால். இதை அவளிடம் சொல்ல எனக்குப் பதினோரு வருஷம் பிடித்தது. அதையும் நானாக வாய் திறந்து சொல்லவில்லை, சொல்லித்தான் தீரவேண்டும் என்கிற நிலைமை வந்த பிறகு சொன்னேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்த கதை. அப்போது ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் பச்சைத் தோல் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தேன். எங்கள் சொந்தத்தில் வாத்தியார்களும் நர்ஸுகளும் ஆஸ்பத்திரிக் கிளார்க்குகளும்தான் ஜாஸ்தி. கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் கூடினால் பள்ளிக்கூடம், வார்டு, பிரமோஷன் என்று பேச்சு ஓடும். நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் கோட்டை விட்டுவிட்டுப் பதினெட்டு வயதில் டேனரிக்குள் நுழைந்தவன். என் சட்டையில் வரும் வாசனையைப் பற்றி யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். அதனாலோ என்னவோ, எனக்குத் தெரிந்த விஷயத்தில் என்னை யாரும் மிஞ்ச முடியாது என்கிற திமிர் எனக்கு உண்டு. தெரியாத விஷயத்திலும் அதே திமிர்தான்.

எனக்குத் தெரிந்தது தோல். ஆட்டுத்தோல் மூட்டை பிரித்ததும் மோந்து பார்த்தே எத்தனை நாள் தோல் என்று சொல்வேன். தோலின் உட்புறத்தில் சதையும் ஜவ்வும் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் போதும், இரண்டு நாளில் நாறிவிடும், பிறகு எந்த மருந்து போட்டாலும் தேறாது. அதைக் கத்தியால் சுத்தமாக வழித்துவிட்டுக் கல்லுப்பை அள்ளித் தேய்த்து வைத்தால் மாசக்கணக்கில் அப்படியே இருக்கும். வழிக்கணும், உப்பு போடணும். இந்த இரண்டையும் எனக்குக் கீழே வேலை பார்த்தவர்களிடம் ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது கத்தியிருப்பேன்.

அவள் ஆற்காட்டுக்காரி. டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தாள். நான்கு வீடுகள் சேர்ந்த ஒரு காம்பவுண்டில் எங்களுக்கு ஒரு போர்ஷன். அவள் வந்த பிறகுதான் அந்தக் காம்பவுண்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது என்று பக்கத்து வீட்டு பாய் சொல்வார். அவர் அந்தக் காலத்தில் டேனரியில் என்னைப் போலவே கத்தி பிடித்து ரிடையர் ஆனவர். அவள் சிரித்தால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிற ஜாதி இல்லை. தலையைப் பின்னால் சாய்த்து, எல்லாப் பல்லும் தெரிய, மூச்சு வாங்கும்வரை சிரிப்பாள். என்ன பெண் இது, கொஞ்சம் அடக்கமாக இருக்கக்கூடாதா என்று முதல் மாதம் எனக்குத் தோன்றியது. இரண்டாவது மாதத்தில் அவளைச் சிரிக்க வைப்பதற்காகவே டேனரியில் நடந்ததையெல்லாம் கொஞ்சம் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்திருந்தேன்.

காம்பவுண்டின் நடுவில் அடிபம்பு இருந்தது. அதைச் சுற்றிச் சிமெண்டுத் தளத்தில் பாசி பிடித்திருந்தது. "வழுக்குதுங்க, கொஞ்சம் சுரண்டி விடுங்களேன்" என்று அவள் சொல்லியிருந்தாள். டேனரி முதலாளி முஸ்லிம் என்பதால் எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு; ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்துதான் நான் வேலைக்குப் போவேன். இந்த வெள்ளிக்கிழமை, அடுத்த வெள்ளிக்கிழமை என்று மூன்று வெள்ளிக்கிழமை தள்ளிப்போட்டேன். நான்காவது வெள்ளிக்கிழமை காலையில், நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, பம்படியில் குடம் உருளும் சத்தம் கேட்டது. கூடவே வேறொரு சத்தமும் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் அவள் முழங்கால் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், வாயைப் பொத்திய கை நிறைய ரத்தம். வழுக்கி விழுந்தபோது பம்பின் இரும்பு வாயில் அவள் வாய் மோதியிருக்கிறது.

பல் தளத்திலேயே கிடந்தது. உடையவில்லை. வேரோடு முழுசாகக் கழன்று வந்திருந்தது. நான் அதை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். ஒரு பல்லுக்கு அவ்வளவு நீள வேர் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு பாயும் ஓடி வந்திருந்தார்.

"பாய், முழுசா இருக்குது. வேலூர் ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போனா திருப்பி வச்சிடுவாங்க இல்ல?" என்றேன்.

"வைப்பாங்க தம்பி. இப்பல்லாம் இன்னா வேணா பண்றாங்க. கெடாம கொண்டு போ, அது முக்கியம்" என்றார் பாய்.

கெடாமல் கொண்டுபோவதா? அதுவும் என்னிடமா சொல்வது? அந்த நேரத்தில் எனக்கு வந்த தெம்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. வேரைச் சுற்றி இளஞ்சிவப்பாக மெல்லிய ஜவ்வு ஒட்டியிருந்தது. சதை இருந்தால் நாறும், நாறினால் பல் போய்விடும் என்று முடிவு கட்டினேன். ஷேவிங் பிளேடை எடுத்து வெளிச்சத்தில் உட்கார்ந்து, வேரின் மேலிருந்து கீழ்வரை, ஒரு இழைகூட விடாமல் வழித்தேன். அவசரம் அவசரம் என்று மனசு அடித்துக்கொண்டாலும் கை நிதானமாக வேலை செய்தது. பிறகு சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். ஒரு தீப்பெட்டியில் இருந்த குச்சிகளைக் கொட்டிவிட்டு, அதில் கல்லுப்பைப் பொடித்துப் போட்டு, பல்லை நடுவில் வைத்து, மேலேயும் உப்பைப் போட்டு மூடினேன். பாய் எட்டிப் பார்த்து, "சபாஷ், இனி ஒரு மாசம் ஆனாலும் ஒண்ணும் ஆவாது" என்றார். சுரண்ட வேண்டிய பாசியைச் சுரண்டாதவன், சுரண்டக்கூடாததைச் சுரண்டி முடித்துவிட்டு, பெருமையோடு எழுந்து நின்றேன்.

இதற்குள் அவள் வாயில் துணியை வைத்து அடைத்துக்கொண்டு உள்ளே போயிருந்தாள். கட்டியிருந்த வீட்டுப் புடவை முழுக்க ரத்தமும் பாசியும். வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், தெரிந்த நர்ஸுகள் நாலு பேர் இருப்பார்கள், அவர்கள் முன்னால் இப்படிப் போய் நிற்பதா என்று பெட்டியைத் திறந்து கைக்குக் கிடைத்த நல்ல புடவையை எடுத்திருக்கிறாள். அது அவள் அம்மா வாங்கிக் கொடுத்த நீல நிற ஆரணிப் பட்டு. ஒரு கையால் வாய்த் துணியைப் பிடித்துக்கொண்டு வைத்ததில் கொசுவம் நிற்கவே இல்லை. நான் தீப்பெட்டியோடு வாசலில் நின்று கத்தினேன்.

"இன்னா, கல்யாணத்துக்கா போறோம்? சீக்கிரம் வா!"

கால் மணி நேரம் போயிருக்கும். அதற்குமேல் இருக்காது. பட்டுப் புடவையும் வாயில் ரத்தத் துணியுமாக அவள் பஸ்ஸில் உட்கார்ந்திருந்ததை எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மாதனூர் தாண்டி, பள்ளிகொண்டா தாண்டி, வழிநெடுக நான் தீப்பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் கேட்டபோது திறந்துகூடக் காட்டினேன்.

ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் அவள் வாயைப் பார்த்துவிட்டு, "பல் எங்கே?" என்று கேட்டார். தீப்பெட்டியை நீட்டினேன். அவர் திறந்தார். விரலால் உப்பை விலக்கினார். பல்லை எடுத்து விளக்குக்குக் கீழே பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு நர்ஸை அவள் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, என்னை அறைக்கு வெளியே வாஷ்பேசின் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"இதை யார் சுத்தம் பண்ணது?"

"நான்தான் டாக்டர்" என்றேன், பாராட்டு வரப்போகிறது என்ற நினைப்பில்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன். அவர் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"வேர் மேல இருந்த அந்த ஜவ்வுலதாங்க பல்லுக்கு உயிரே. அது இருந்தாதான் எலும்போட மறுபடி ஒட்டும். அதைச் சுரண்டிட்டீங்க. உப்பு வேற போட்டுட்டீங்க. செத்த தோலுக்கு அது சரி. இது உயிரோட இருந்த பல்லு."

"நாங்க வர லேட்டாயிடுச்சா டாக்டர்?" என்று கேட்டேன். எனக்கு அப்படி ஏதாவது வேண்டியிருந்தது.

"லேட் பெரிய விஷயம் இல்ல. வேரைத் தொடாம, பல்லோட மேல்பக்கத்தைப் பிடிச்சு, தண்ணில சும்மா ஒரு தடவை காட்டிட்டு, அந்தக் குழியிலயே திருப்பி வச்சு அழுத்தி, ஒரு துணியைக் கடிக்கச் சொல்லிக் கூட்டிட்டு வந்திருந்தா, நாங்க பக்கத்துப் பல்லோட சேத்துக் கட்டி விட்டிருப்போம். நின்னுருக்க நிறைய சான்ஸ் இருந்துது." கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "தெரியாம பண்ணதுதானே. இனிமே யாருக்காவது இப்படி ஆனா ஞாபகம் வச்சுக்குங்க."

அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். திட்டவில்லை. அதனால்தான் அந்த வார்த்தைகள் ஒன்றுவிடாமல் மனசில் பதிந்துபோயின.

திரும்பி உள்ளே போனேன். அவள் நாற்காலியில் சாய்ந்திருந்தாள், வாய் நிறையப் பஞ்சு. பேச முடியாததால் புருவத்தைத் தூக்கிக் கண்ணாலேயே கேட்டாள். அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். நான்தான்டி கெடுத்தேன், முட்டாள்தனம் பண்ணிவிட்டேன் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அந்த அறையில் ஒரு நர்ஸ் எங்கள் சர்ச்சுக்காரப் பெண். அவள் மூலம் என் சொந்தம் முழுக்கத் தெரிந்துவிடும், டேனரிக்காரன் புத்தி எங்கே போகும் என்று கிறிஸ்துமஸ் கிறிஸ்துமஸாகச் சிரிப்பார்கள் என்று ஒரு நொடி தோன்றியது. அந்த ஒரு நொடி போதுமானதாக இருந்தது.

"லேட்டாயிடுச்சாம்" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து தன் புடவையைப் பார்த்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் பஞ்சை எடுத்துவிட்டு, வீங்கிய உதட்டோடு, "நா பொடவ மாத்தாம வந்திருக்கணும்" என்றாள். கண்ணில் நீர் கோத்திருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு "விடு" என்றேன். நான் தன்னை மன்னித்துவிட்டேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதற்காக அன்று இரவு எனக்கு நன்றிகூடச் சொன்னாள்.

பிறகு அவளுக்கு ஒற்றைப்பல் செட் வைத்தார்கள். மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் சிவப்புத் தகட்டில் ஒரே ஒரு பல். மற்ற பற்களைவிடக் கொஞ்சம் வெள்ளையாக இருக்கும். பேசும்போது சில சமயம் நழுவும், சிரித்தால் நிச்சயம் நழுவும். அதனால் சிரிப்பு வரும்போதெல்லாம் முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். நாளடைவில் முந்தானை வாய்க்குப் போய்ச் சேர்வதற்குள் சிரிப்பே நின்றுவிடும். நான் டேனரிக் கதைகளைக் கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்தேன். அவள் கண் மட்டும் சிரிக்கும். பிறகு நானும் விட்டுவிட்டேன்.

வேலை கிடைத்து டீச்சர் ஆனாள். வகுப்பில் ஒரு கையில் சாக்பீஸ், இன்னொரு கை எப்போதும் வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் என்று கூட வேலை செய்பவர்கள் சொல்வார்கள். போட்டோ ஸ்டுடியோவில் எடுத்த எங்கள் படங்கள் எல்லாவற்றிலும் அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, யார் மேலோ கோபமாக இருப்பதுபோல நிற்கிறாள். எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். அவளுக்கு அந்தப் பழைய சிரிப்பு தெரியவே தெரியாது.

ஆனால் பல்லைவிடப் பெரிய விஷயம் ஒன்று நடந்தது. அது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. அவள் அலங்காரம் என்பதையே விட்டுவிட்டாள். எங்கே கூப்பிட்டாலும் கட்டியிருந்த புடவையோடு கிளம்பி விடுவாள். ஐந்து நிமிஷத்தில் வாசலில் நிற்பாள். சர்ச்சுக்கு முதல் மணி அடிக்கும்முன் நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். சோளிங்கர் பக்கத்தில் அவள் தங்கைக்குக் கல்யாணம் நடந்தபோதுகூட ஒரு சாதாரண நூல் புடவையில் வந்து நின்றாள். அவள் அம்மா தாங்காமல், "அந்த ஆரணிப் பட்டு எங்கடி?" என்று கேட்டார்.

"பெட்டில இருக்குது. அதக் கட்டப் போயிதானம்மா பல்லு போச்சி" என்றாள்.

இந்தக் கதையை அவள் எல்லாரிடமும் சொல்வாள். சர்ச் பெண்கள் கூட்டத்தில், பள்ளிக்கூடத்தில், பம்படியில், பஸ் ஸ்டாண்டில். ஒரு வேடிக்கைக் கதை மாதிரிதான் சொல்வாள். "இவரு பாவம், பல்லச் சுத்தம் பண்ணி, உப்புல வச்சி, ரெடியா வாசல்ல நிக்கிறாரு. நா மகாராணி மாதிரி உள்ள கொசுவம் வச்சினு இருக்கேன். டாக்டரு சொல்லிட்டாராம், லேட்டுன்னு." கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். பல தடவை நானும் பக்கத்தில் இருந்திருக்கிறேன். யாராவது என்னைப் பார்த்து, "பாவம் சார் நீங்க" என்று சொன்னால் சும்மா தலையாட்டியிருக்கிறேன். இதையும் எழுதத்தான் வேண்டும். தலையாட்டினேன்.

ஒரு கிறிஸ்துமஸ் சமயம் ஜவுளிக்கடையில், அவளுக்காக ஒரு நல்ல அரக்கு நிறப் புடவையை நானே எடுத்தேன். "எனக்கெதுக்குங்க இது? நா இதக் கட்டினு கிளம்பறதுக்குள்ள உலகமே போய்டும்" என்றாள். அங்கேயே சொல்லிவிட நினைத்தேன். வாய்வரை வந்தது. மகள் ஏதோ கேட்டு அழுதாள், பேச்சு அதோடு போயிற்று. குழந்தை அழுததில் எனக்கு எவ்வளவு நிம்மதி! இவ்வளவு வருஷம் கழித்துச் சொன்னால், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றல்லவா கேட்பாள்? ஒவ்வொரு வருஷமும் அந்தக் கேள்வியின் கனம் கூடிக்கொண்டே போனது.

மகளுக்கு ஒன்பது வயது நடந்தபோது, முழுப் பரீட்சை லீவில், ஒரு வெள்ளிக்கிழமை, வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாள். தெருமுனையில் பிரேக் பிடிக்கத் தெரியாமல் சாக்கடைக் கல்லில் மோதி முகங்குப்புற விழுந்தாள். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து, மூடியிருந்த கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கையில் முன்பல். பால் பல் விழுந்து முளைத்து இரண்டு வருஷம்கூட ஆகாத புதுப் பல், வேரோடு.

நான் எழுந்து வருவதற்குள் என் மனைவி ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் வலது உள்ளங்கை நிறையக் கல்லுப்பு. இடது கையில் ஷேவிங் பிளேடும் தீப்பெட்டியும். அடுப்படிக் கரி பட்ட பழைய புடவையில், மூச்சு வாங்க என் முன்னால் நின்றாள்.

"இந்தாங்க, சீக்கிரம் ஜவ்வு எடுத்துட்டு உப்புல வைங்க. நா ரெடி. இந்த வாட்டி பொடவ மாத்தல, இப்டியே வர்றேன்."

என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படி அடித்ததில்லை. பதினோரு வருஷமாக அவள் தயாராகக் காத்திருந்திருக்கிறாள். இன்னொரு முறை இப்படி நடந்தால் தன் தப்பைச் சரிசெய்துவிட வேண்டும் என்று. என் தப்பை, சரியான வழி என்று நம்பி, கையில் ஏந்திக்கொண்டு.

மகளின் கையில் இருந்த பல்லை அவள் எடுக்கப் போனாள்.

"தொடாத!" என்று கத்தினேன். "உப்பு வேணாம்! பிளேட கீழ போடு! வேரத் தொடாத!"

அவள் அப்படியே நின்றுவிட்டாள். நான் பல்லின் மேல்பக்கத்தை இரண்டு விரலால் பிடித்து, சொம்புத் தண்ணீரில் ஒரு தடவை காட்டினேன். தேய்க்கவில்லை. மகளை மடியில் உட்கார வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, எந்தப் பக்கம் முன்பக்கம் என்று பார்த்து, குழியில் வைத்து மெல்ல அழுத்தினேன். அவள் அலறினாள். பல் உள்ளே போய் உட்கார்ந்ததை என் விரல் உணர்ந்தது. கைக்குட்டையை மடித்து, "கடிச்சிக்கோ கண்ணு, விடாத" என்றேன். அந்த வாஷ்பேசின் பக்கத்தில் கேட்டதை ஒரு வார்த்தை மாறாமல் செய்தேன்.

மனைவி எங்களோடு பஸ் ஏறினாள். மகள் எங்கள் இருவருக்கும் நடுவில். மாதனூர் தாண்டியதும் என் மனைவி தன் வலது கையைப் பிரித்துப் பார்த்தாள். இவ்வளவு நேரமும் அந்த உப்பை மூடிப் பிடித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். வியர்வையில் பாதி கரைந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி மிச்சத்தை உதறினாள். பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் இந்தத் தடவை ஒரு இளம் பெண் டாக்டர். மகளின் வாயைப் பார்த்துவிட்டு, "யாருங்க இதைத் திருப்பி வச்சது? ரொம்பச் சரியா பண்ணியிருக்கீங்க. பக்கத்துப் பல்லோட கட்டி விட்டுடறேன், நின்னுடும்னுதான் நினைக்கறேன்" என்றார். கம்பியைச் சீராக வளைத்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்: "உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

பேப்பரில் படித்தேன் என்று சொல்லியிருக்கலாம். யாரோ சொன்னார்கள் என்று சொல்லியிருக்கலாம். என் மனைவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஆனால் அவள் கண் மகள் மேல் இல்லை, என் முகத்தின் மேல் இருந்தது.

"இங்கதாங்க" என்றேன். "பதினோரு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு டாக்டர்."

வெளியே நீள பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் கேட்டாள்.

"அன்னிக்கி அவரு இன்னா சொன்னாரு?"

எல்லாவற்றையும் சொன்னேன். வாஷ்பேசின், உப்பு, பிளேடு, செத்த தோல் என்று அவர் சொன்னது, எதையும் மறைக்கவில்லை.

"அப்ப, லேட்டானதால இல்ல."

"இல்ல."

"பொடவயால இல்ல."

"இல்ல. என்னாலதான். மன்னிச்சிக்கோ."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருக்கலாம்.

"பல்லு போனா போவுது. நீங்க வேணும்னா பண்ணீங்க? நல்லதுக்குதான் பண்ணீங்க. அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு நாளு திட்டிட்டு விட்டிருப்பேன்." குரல் தாழ்ந்தது. "ஆனா ஊரெல்லாம் சொன்னேனே. என்னையே நா கிண்டல் பண்ணினு எல்லார்கிட்டயும் சொன்னேனே. நீங்க பக்கத்துலயே நின்னு கேட்டினு இருந்தீங்களே."

நின்று கேட்டது மட்டுமா, தலையையும் ஆட்டினேன்.

மகளின் பல் நின்றுவிட்டது. நிறம் மட்டும் லேசாக மங்கியது. அவள் வாய்விட்டுச் சிரிப்பவள். அந்தச் சிரிப்பு யாருடையது என்று எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை. சர்ச்சுக்குக் கிளம்ப வேண்டும். வழக்கமாக எனக்கு முன்னால் வாசலில் நிற்பவளைக் காணவில்லை. உள்ளே போனேன். பெட்டியின் அடியிலிருந்து அந்த நீல ஆரணிப் பட்டை எடுத்திருந்தாள். பதினோரு வருஷம் ஒரே மடிப்பில் இருந்த பட்டு. அவள் பிரித்து உதறியதும் மடிப்புக்கு மடிப்பு நூல் விட்டுக் கிழிந்தது. தோல் கெடுவதைப் பற்றி மூச்சுவிடாமல் பேசுகிற எனக்கு, என் வீட்டுப் பெட்டியில் ஒரு பட்டு இப்படி இற்றுக்கொண்டிருந்தது தெரியவில்லை.

கிழிசலைக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தாள். கோபமாகச் சொல்லவில்லை, ஒரு கணக்கைக் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"கட்டியிருந்தாலும் இத்தன வருசத்துல கிழிஞ்சிதான் போயிருக்கும். ஆனா கட்டியிருப்பேன் இல்ல?"

அவள் அதை மறுபடி மடித்து வைத்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கு நான் எடுத்துக் கொடுத்து ஒரு முறைகூடக் கட்டாத அரக்குப் புடவையை எடுத்தாள். கண்ணாடி முன்னால் நின்று கொசுவத்தை ஒவ்வொரு மடிப்பாக வைத்தாள். சரியாக வரவில்லை என்று பிரித்தாள், மறுபடியும் வைத்தாள். முதல் மணி அடித்தது. பிறகு இரண்டாவது மணியும் அடித்தது. நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். சீக்கிரம் வா என்று சொல்லவில்லை.